ஏழு வருஷ இடைவெளிக்குப் பிறகு ஆபீஸ் வேலையா?

"படிச்ச படிப்பெல்லாம் அடுப்பங்கரையோட போச்சு" என்று அலுத்துக்கொள்ளாத பட்டதாரி இல்லத்தரசி உண்டா? கடைக்குட்டி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் பழைய ஆசை எட்டிப் பார்க்கிறது. கூடவே பயமும்: "ஏழு வருஷம் வீட்டோட இருந்தவளுக்கு எந்தக் கம்பெனியிலே வேலை கொடுப்பாங்க?"

கொடுத்திருக்கிறார்கள். 1962-ல் இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷெர்லி என்ற பெண்மணி வெறும் ஆறு பவுண்டு முதலீட்டில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் கம்பெனி தொடங்கினார். கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்ட பெண்களாகவே தேடிச் சேர்த்தார். அவர்கள் வீட்டிலிருந்தபடியே பென்சிலும் காகிதமுமாக எழுதினார்கள். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராம்கூட இவர்கள் கைவண்ணம்தான்! நம் நாட்டில் 2008-ல் டாடா குழுமம், வேலையை இடையில் விட்ட பெண்களுக்கென்றே தனித் திட்டம் கொண்டுவந்தது. வேறு சில பெரிய கம்பெனிகளும் 'ரிட்டர்ன்ஷிப்' என்ற பெயரில், சில மாதம் சம்பளத்தோடு வேலை தந்து பார்க்கின்றன. முடிவில் நிரந்தரமாக்குவார்களா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தூசி தட்டுங்கள்

நீங்கள் பி.காம். படித்துக் கணக்குப் பிரிவில் இருந்தவரா? 2017 ஜூலைக்கு முன்பே வேலையை விட்டிருந்தால் ஜி.எஸ்.டி. கணக்கைத் தொட்டிருக்க மாட்டீர்கள். அதையும், டாலி, எக்செல் இரண்டையும் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம். சர்டிபிகேட் வேண்டுமானால் பரீட்சைக்குத்தான் பணம். மத்தியானம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

மறைக்காதீர்கள்

விண்ணப்பத்தில் இடைவெளியை மூடி மறைக்க வேண்டாம். 'குழந்தை வளர்ப்புக்காக விடுப்பு' என்று ஒரே வரி. அதன் கீழே அந்த வருஷங்களில் செய்ததை எழுதுங்கள்: டியூஷன் எடுத்தது, குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவைப் பார்த்தது, எதுவானாலும். இன்டர்வியூவில் "குழந்தைக்கு ஜுரம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கலாம். கோபப்படாமல், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பளிச்சென்று சொல்லுங்கள். "எவ்வளவு கொடுத்தாலும் சரி சார்" என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள்!

வேலைக்கு முன்பணம், டெபாசிட் என்று கேட்டால் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள். "வீட்டிலிருந்தே டைப் அடிக்கலாம்" என்று ஆசைகாட்டிப் பணம் பிடுங்குகிறவர்கள் அதிகம்.

சட்டம் தருவது

ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும். பத்துப் பேர் இருந்தாலே பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கக் குழு வேண்டும் என்கிறது 2013-ஆம் வருஷச் சட்டம். பழைய வேலையில் பி.எஃப். பிடித்து யு.ஏ.என். எண் கொடுத்திருந்தால் புது ஆபீஸிலும் அதையே கொடுங்கள். இரண்டாவது எண் வேண்டாம்.

வீட்டுக் கணக்கு

"உன் சம்பளம் க்ரெஷ்ஷுக்கும் ஆட்டோவுக்குமே சரியாப் போயிடும், எதுக்கு இந்த வம்பு?" என்பார் உங்களவர். ஆட்டோ சரி. க்ரெஷ் பணத்தை ஏன் உங்கள் சம்பளத்தில் மட்டும் கழிக்க வேண்டும்? குழந்தை இரண்டு பேருக்கும்தானே! இதைச் சண்டையாக அல்ல, பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து பேசுங்கள். முதல் வருஷம் மிச்சம் குறைவாகத்தான் இருக்கும். குழந்தை வளர வளரக் காப்பகச் செலவு குறையும். உங்கள் அனுபவமோ கூடிக்கொண்டே போகும். மாமியார் உதவுவதாக இருந்தால் எத்தனை மணி நேரம் அவரால் முடியும் என்று அவரிடமே கேளுங்கள். வயசானவர் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று. டிகிரி சர்டிபிகேட்டில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் பெயர் என்று இருக்கிறதா? பான் கார்டில்? வேலை கிடைத்தபிறகு அலையாமல், எல்லாவற்றையும் இந்த வாரமே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வேலை அதுதான்.