ஷிபு (மின்னல் முரளி)

ஷிபு என்பது 2021ஆம் ஆண்டில் வெளிவந்த மின்னல் முரளி என்னும் மலையாள மீநாயகன் (சூப்பர் ஹீரோ) திரைப்படத்தில் இடம்பெறும் எதிர்நாயகக் கதைமாந்தர் ஆகும். காதலின் வழியே நல்வாழ்வை அடைய முயன்று தோற்றுப்போகும் எதிர்நாயகனாக இப்பாத்திரம் படைக்கப்பட்டுள்ளது. இதில் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் நடித்துள்ளார். இவர் 2016இல் வெளியான, தருமபுரி மாவட்டத்தைக் கதைக்களமாகக் கொண்ட ஜோக்கர் திரைப்படத்தின் நாயகனும் ஆவார்.

திரைப்படம்

மின்னல் முரளியை பாசில் ஜோசப் இயக்கினார். டொவினோ தாமஸ் நாயகனாக நடித்தார். இப்படம் 2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியானது. குறுக்கன்மூலை என்னும் கற்பனைச் சிற்றூரில் கதை நிகழ்கிறது.

கதையில் பங்கு

ஒரே இரவில் ஜெய்சன் என்னும் தையற்காரனையும், தேநீர்க் கடையில் வேலை செய்யும் ஷிபுவையும் மின்னல் தாக்குகிறது. இருவரும் மீத்திறன் பெறுகின்றனர். தொடாமலே பொருள்களை அசைக்கும் ஆற்றல் ஷிபுவுக்கு வாய்க்கிறது.

ஷிபு மனநிலை சரியில்லாதவன் என்று ஊராரால் ஒதுக்கப்பட்டவன். உஷா என்னும் பெண்ணை 28 ஆண்டுகளாக உள்ளத்தில் வைத்துக் காத்திருப்பவன். உஷா நோயுற்ற மகளுடன் ஊருக்குத் திரும்புகிறாள். அக்குழந்தையின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தேவைப்படுகிறது. ஷிபு வங்கியைக் கொள்ளையிடுகிறான். வழியில் நிற்போரைக் கொல்லவும் துணிகிறான். பின்னர் உஷா அவனை ஏற்றுக்கொள்கிறாள். ஆனால் அவன் குற்றங்கள் வெளிப்பட்டதும் ஊரார் சினம் கொள்கின்றனர். அவர்கள் மூட்டிய தீயில் உஷாவும் மகளும் இறக்கின்றனர். அதன்பின் ஊரையே அழிக்க முற்படும் ஷிபு, இறுதி மோதலில் ஜெய்சனால் வீழ்த்தப்படுகிறான்.

காதலும் திருந்துதலும்

ஷிபு உலகை ஆள விரும்புபவன் அல்லன். ஒரு குடும்பத்தை மட்டுமே விரும்புகிறான். எனவே பார்வையாளர்களின் பரிவு அவன்பால் செல்கிறது. எனினும் அவனது காதல் அவனைத் திருத்துவதில்லை. தான் செய்த குற்றங்களுக்கு அவன் பொறுப்பேற்பதில்லை; அவற்றைக் காதலுக்கான விலையாகவே கருதுகிறான். மறுபுறம், அவனை மனிதனாக மதிக்காத ஊரும் அவன் வீழ்ச்சியில் பங்கு கொண்டுள்ளது. மனநோய் பற்றிய சமூக இழிவுப்பார்வை இக்கதையின் அடித்தளமாகும்.

அசைவூட்டப் படங்களில்

அமெரிக்க மீநாயகன் கார்ட்டூன்களிலும் இத்தகைய கதைமாந்தர்கள் உள்ளனர். 1992இல் தொடங்கிய பேட்மேன் அசைவூட்டத் தொடரில் வரும் மிஸ்டர் ஃபிரீஸ், நோயுற்ற மனைவியின் பொருட்டுத் தீயவனாக மாறியவன். 2010இல் வெளியான மெகாமைண்ட் படத்தில், எதிர்நாயகன் வேற்றுருவில் ஒரு செய்தியாளரைக் காதலிக்கிறான். உண்மை வெளிப்பட்டதும் அவள் அவனை விலக்குகிறாள். அதன் பின்னரே அவன் நகரைக் காக்க முன்வருகிறான். அதாவது காதல் கைகூடியதால் அன்றி, அதை இழந்த நிலையிலும் நன்மையைத் தேர்ந்தெடுத்ததால் அவன் திருந்துகிறான். ஷிபுவின் கதை இதற்கு நேர்மாறானது.

ஜோக்கர் படத்துடன் ஒப்பீடு

ராஜு முருகன் இயக்கிய ஜோக்கர், சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அதன் நாயகன் மன்னர் மன்னன் தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டியைச் சேர்ந்தவன். கழிவறை உள்ள வீட்டிலேயே வாழ்க்கைப்படுவேன் என்று கூறும் மல்லியை மணக்கிறான். அரசுத் திட்டத்தில் ஊழலால் அரைகுறையாகக் கட்டப்பட்ட கழிவறை இடிந்து விழுந்ததில் அவள் நினைவிழக்கிறாள். அவனோ தன்னை இந்தியக் குடியரசுத் தலைவராக அறிவித்துக்கொண்டு ஊழலுக்கு எதிராகப் போராடுகிறான்.

ஒரே நடிகர் ஏற்ற இவ்விரு கதைமாந்தர்களையும் ஊர் பைத்தியம் என்றே அழைக்கிறது. இருவரும் அன்புக்குரியவளை இழப்பவர்கள். இழப்புக்குப்பின் மன்னர் மன்னன் பிறருக்கு நீதி கேட்கிறான். ஷிபு பிறரை அழிக்கிறான். காதல் மட்டுமே ஒருவனை நல்லவனாக்குவதில்லை என்பதை இவ்விரு படங்களும் எதிரெதிர் வழிகளில் காட்டுகின்றன.