தாழ்ப்பாளில் பதிந்த முத்திரை

நம் தோட்டங்களில் வயதானவர்கள் அவசரகாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், 'திரீ நாட் திரீ' துப்பாக்கியைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1948 முதல் 1960 வரை மலாயாவில் படையினரும் காவலர்களும் தோளில் சுமந்த லீ என்ஃபீல்டு துப்பாக்கிதான் அது.

அதிலே கதவுத் தாழ்ப்பாளைப் போல் முன்னும் பின்னும் ஓடும் ஓர் இரும்புத் தண்டு உண்டு. போல்ட் என்பார்கள். சுடும்போது தோட்டா பின்னுக்கு வந்துவிடாமல் அடைத்து நிற்பது இதுதான். தண்டு மட்டும் தனியாகக் கிடைத்தால், அதைச் செய்த தொழிற்சாலை எது என்று சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடியும்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தத் துப்பாக்கியின் நான்காம் எண் ரகத்தை ஐந்து தொழிற்சாலைகள் செய்தன. இங்கிலாந்தில் ஃபஸாக்கர்லி, மால்ட்பி, ஷெர்லி, கனடாவில் லாங் பிராஞ்ச், அமெரிக்காவில் சேவேஜ். கனடாக்காரர்கள் எல், பி என்ற இரண்டு எழுத்தையும் ஒட்டிப் பதித்தார்கள். அமெரிக்கத் தண்டில் எஸ் எழுத்து, வளைவுக்குப் பதில் மூலை மூலையாக மடிந்து நிற்கும். இங்கிலாந்திலோ, எதிரி விமானங்கள் தேடி வந்து குண்டு போடக்கூடும் என்று பல தொழிற்சாலைகளின் பெயரை மறைத்து, குறியும் எண்ணும் கொடுத்தார்கள். வடபகுதிக்கு என், நடுப்பகுதிக்கு எம், தென்பகுதிக்கு எஸ். எம் 47 என்றிருந்தால் பி.எஸ்.ஏ. கம்பெனி. எஸ்ஸுக்குப் பக்கத்தில் எண் இருந்தால் அது தென் இங்கிலாந்து, அமெரிக்கா அல்ல. விவரம் தெரிந்தவர்களே இதில் ஏமாறுவதுண்டு.

முத்திரை தேய்ந்து போயிருந்தால் கைப்பிடிக் குமிழைப் பார்க்க வேண்டும். காட்டுப் போருக்கென்று எடை குறைத்த ஐந்தாம் எண் ரகம் 1944-இல் வந்தது. மலாயாக் காடுகளில் மிகவும் புழங்கியது இதுவே. எடையைக் குறைக்கக் குமிழைக்கூடக் குடைந்துவிட்டார்கள்! இந்த ரகத்தை ஃபஸாக்கர்லியிலும் ஷெர்லியிலும் மட்டுமே செய்தார்கள். ஆனாலும் குமிழை மட்டும் நம்பி முடிவு கட்டிவிடக் கூடாது.

இன்னொன்று. முத்திரை தண்டைச் செய்தவரைத்தான் காட்டும். துப்பாக்கியைச் செய்தவரை அல்ல. பழுது பார்க்கும்போது ஒன்றின் தண்டை மற்றொன்றில் மாட்டியிருக்கலாம். அதனால்தான் கைப்பிடியின் பின்புறத்தில் துப்பாக்கியின் எண்ணையே வெட்டி வைத்தார்கள். தண்டின் முனையில் திருகும் தலைப்பகுதியிலும் 0, 1, 2, 3 என்று எண் உண்டு. எண் ஏற ஏற, மயிரிழை அளவு நீளம் கூடும். பொருந்தாத தண்டை மாட்டினால் இடைவெளி அதிகமாகி, தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, சூடான வாயு சுடுகிறவர் முகத்தை நோக்கிப் பாயலாம். கண்ணுக்கே ஆபத்து. நல்ல கம்பெனி முத்திரை இருந்தும் பயனில்லை.

பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது மண்ணில் இப்படி ஏதும் தட்டுப்பட்டால், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். பக்கத்தில் வெடிக்காத தோட்டாக்கள் புதைந்திருக்கலாம். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் உறுப்பும் ஆயுதமே. வீட்டுக்குக் கொண்டுவருவதும் வேண்டாம், பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதும் வேண்டாம். இடத்துக்கு ஒரு குச்சி நட்டுவிட்டுப் போலீஸ் நிலையத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.