வாசலில் ஒரு கழுவெளி

2002-ல் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த புதிதில், மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோரைப்புல்லும் தண்ணீருமாகத் தெரியும். "அது என்ன அத்தை, ஏரியா?" என்று கேட்டேன்.

"ஏரியுமில்லை, குளமுமில்லை. சும்மா கிடக்கிற சேறு. கொசுதான் மிச்சம்" என்றார் மாமியார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை வெகுகாலம் படித்தவர்களே உபயோகமில்லாத பூமி என்றுதான் நினைத்தார்கள். அதன் கரையோரமாக மாமனார் ரிடையரான பணத்தில் அரை கிரவுண்டு மனை வாங்கி, பட்டாவும் பெற்று, கட்டிய வீடுதான் எங்களுடையது.

எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் ஆயா ஒருத்திதான் முதன்முதலில் அதன் பெயரைச் சொன்னாள். "அது கழுவெளிம்மா. சின்ன வயசுல அதுல எறங்கி கோரை அறுத்திருக்கேன், மீனு புடிச்சிருக்கேன். இப்ப பிளாட்டு போட்டுட்டாங்க. மழைத்தண்ணி எங்க போவும், நீயே சொல்லு!" எனக்கு அன்று கீரை இளசா முற்றலா என்பதில்தான் கவனம்.

பிறகு என் மகன் பிறந்தான். இரண்டு வயதில் அவனுக்கு இழுப்பு வந்தது. பெருங்குடிப் பக்கம் அந்தச் சதுப்பின் மேலேயேதான் ஊர்க் குப்பையை மலையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். ராத்திரியானால் அது புகையும். எத்தனையோ நாள் ஜன்னலில் ஈரத்துணி கட்டிவிட்டு, குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருக்கிறேன். கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியில் கரி படிந்திருக்கும். டாக்டர், "புகை இல்லாத இடத்துக்குப் போங்களேன்" என்றார். எங்கே போவது? இருந்த பணமெல்லாம் செங்கல்லாகிவிட்டதே!

அந்தச் சமயத்தில் சுற்றுவட்டாரக் குடியிருப்போர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, குப்பையை எரிக்கக் கூடாது, சதுப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்தன. மனு, ஊர்வலம், கோர்ட் என்று பெரியவர்கள் ஓய்வில்லாமல் அலைந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் கையெழுத்து வாங்கக் கிளம்பினோம். என் கணவர், "நமக்கெதுக்கு வம்பு?" என்றார். "ராத்திரி நீங்க முழிச்சிருந்து பாருங்க, தெரியும்" என்றேன். மறுநாள் அவரே நோட்டுப் புத்தகம் வாங்கி வந்து கொடுத்தார்.

மனு கொடுக்கப் போன இடத்தில் ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே, "இங்கே கொட்டாமல் உங்கள் வீட்டிலா கொட்டுவது?" என்று கேட்டார். கோபம் வந்தது, பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து என் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். முக்கால்வாசி காய்கறித் தோலும் சோறும்தான். அன்றைக்கே ஓட்டை போட்ட மண்தொட்டி ஒன்றை வாங்கி, தோலும் காய்ந்த சருகுமாக மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தேன். (சாதத்தை அதிகம் போடாதீர்கள், நாறும். நான் பட்டிருக்கிறேன்.)

2007-ல் சதுப்பில் 317 ஹெக்டேரைக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். தெருவுக்கே கேசரி செய்து கொடுத்தேன். மகனுக்குப் பறவை காட்டக் கூட்டிப் போனேன். கூழைக்கடா, நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி... பூநாரைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதெல்லாம் நம்ம ஊரா?" என்று கேட்டான்.

அப்போதும் நான் நினைத்திருந்தது, அவர்கள் கெடுக்கிறார்கள், நாங்கள் காப்பாற்றுகிறோம் என்றுதான். 2015 டிசம்பர் அந்த நினைப்பையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. ராத்திரி பத்து மணிக்கு வாசற்படியில் இருந்த தண்ணீர், விடிவதற்குள் அடுப்பு மேடையைத் தொட்டது. மாமியாரை நாற்காலியோடு தூக்கி மாடியில் வைத்தோம். அரிசி, பருப்பு, கல்யாணப் புடவை எல்லாம் போயிற்று. மாடியிலிருந்து பார்க்கிறேன், கழுவெளி எது, எங்கள் நகர் எது என்று தெரியவில்லை. ஆயா கேட்ட கேள்வி அப்போதுதான் காதில் விழுந்தது.

பிறகுதான் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தென் சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து இந்தச் சதுப்புக்குத்தான் வருகிறது. இங்கே பரவி நின்று, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் பக்கம் கடலுக்குப் போகிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடந்த இடமாம். சாலை, ரயில் நிலையம், அலுவலகங்கள், குப்பைமேடு, எங்களைப் போன்றவர்களின் வீடுகள் என்று அதில் பெரும்பகுதி போய்விட்டது. பட்டா எங்களிடம் இருக்கிறது. தண்ணீர் பட்டா பார்த்தா வருகிறது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி வந்தது. இந்தத் தடவை அரிசி டின் பரண்மேல் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2022-ல் சுமார் 1,248 ஹெக்டேருக்கு உலக அளவில் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. அதே வருஷம் ஏப்ரலில் குப்பைமேடு தீப்பிடித்துப் பல நாள் எரிந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு வந்தது. எதுவரை சதுப்பின் பாதிப்பு எல்லை என்று ஆராய்ந்து முடிக்கும்வரை, ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டிட அனுமதி தரக் கூடாது என்று. பேப்பரைப் படித்து எனக்கு வாய்கொள்ளாத சந்தோஷம். சாயங்காலம் நாத்தனார் வந்தாள். அடுத்த தெருவில் அவளுக்கும் மனை இருக்கிறது. பெண்ணின் கல்யாணத்துக்குள் வீடு கட்டிவிட வேண்டுமென்று நகையை அடகு வைத்து, பிளான் போட்டு வைத்திருந்தாள்.

"நீங்க மட்டும் கட்டிக்கிட்டீங்க. எங்களுக்குன்னா பறவை வந்திடுச்சா அண்ணி?" என்றாள்.

நான் அவளுக்குக் காபி கலந்து கொடுத்தேன். வேறென்ன சொல்ல? "2015-ல உன் மனைல தண்ணி எவ்வளவு நின்னுதுன்னு உனக்கே தெரியுமே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "தெரியும். அதுக்குத்தான் தூண் மேல கட்டலாம்னு பிளானே போட்டோம்" என்றாள். அவள் பக்கமும் நியாயம் இருந்தது. என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாமியார்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "அந்தக் காலத்துல இந்த மனையை வித்தவன்கிட்ட, தண்ணி எங்க போகும்னு உங்கப்பா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் மகளைப் பார்த்து. நாத்தனார் பிளான் சுருளை எங்கள் பீரோ மேல் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, வெள்ளம் எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன்.