சத்தியவேடு: ஸ்ரீ சிட்டியின் நிழலில் அதிகம் அறியப்படாத எல்லைப்புற ஊர்

ஸ்ரீ சிட்டி: சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டையைத் தாண்டும்போது மேற்கு நோக்கி ஒரு சாலை பிரிகிறது. திருவள்ளூர் மாவட்ட மக்கள் அதனைச் சத்தியவேடு சாலை என்றே அழைக்கின்றனர். அந்தச் சாலை சென்று சேரும் சத்தியவேடு, இன்று ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஒரு மண்டலத் தலைமையிடம். ஏறத்தாழ 65 ஆண்டுகளுக்கு முன்பு வரை இவ்வூரும் இதைச் சுற்றியுள்ள கிராமங்களும் அன்றைய சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன.

ஸ்ரீ சிட்டி தொழில் நகரத்தின் பெயரை அறிந்தவர்கள் பலர். அந்நகரம் சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களின் கிராம நிலங்களில் எழுந்தது என்பதை அறிந்தவர்கள் குறைவு. அந்தக் கிராமங்களின் வரலாறு, தமிழ்நாட்டின் வடக்கு எல்லை வரையப்பட்ட வரலாற்றோடு பிணைந்தது.

1960இல் நகர்ந்த எல்லை

1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்தபோது எல்லைச் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. தமிழர் மிகுந்து வாழ்ந்த திருத்தணி, சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்து ஆந்திரத்துடன் போயிற்று. அதை மீட்க ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் உள்ளிட்டோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் தமிழக வரலாற்றில் பதிவான ஒன்று. இரு மாநிலங்களுக்கும் இடையே நடுவராகச் செயல்பட்ட எச்.வி.படாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொள்ளுதல், நிலத்தொடர்ச்சி, பெரும்பான்மையினர் பேசும் மொழி ஆகியவற்றை அளவுகோலாக வைத்துத் தீர்வை வகுத்தார். அதன்படி 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது.

திருத்தணி தமிழகத்திற்கு வந்ததை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதே நாளில் எதிர்த்திசையில் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் வடபகுதிக் கிராமங்கள் பிரிக்கப்பட்டு ஆந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றைக் கொண்ட சத்தியவேடு வட்டம் சித்தூர் மாவட்டத்தின் பகுதியானது.

கிராமத்தை அலகாகக் கொண்டாலும், மொழி ஊர் எல்லையில் நின்றுவிடுவதில்லை. இருகுளம், கம்பாக்கம், தாசுகுப்பம் என்று இப்பகுதி ஊர்ப்பெயர்கள் இன்றும் தமிழ் ஒலியோடு நிற்கின்றன. தெருவில் இரு மொழிகளும் கலந்தே புழங்குகின்றன. எல்லைக்கு இப்பால் கும்மிடிப்பூண்டி வட்டத்துக் கிராமங்களில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் வாழ்வது போலவே, அப்பால் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. பெண் எடுப்பதும் கொடுப்பதும் எல்லைக்கு இருபுறமும் நடந்து வருகிறது.

நிர்வாகம்தான் மக்களைத் தொலைவுக்கு இழுத்தது. மாவட்டத் தலைநகரான சித்தூர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. சந்தைக்கும் மருத்துவத்திற்கும் சென்னையே பக்கம். 2022 ஏப்ரல் 4ஆம் தேதி ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டு, சத்தியவேடு புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்ட பிறகே ஆட்சியர் அலுவலகத் தொலைவு கணிசமாகக் குறைந்தது.

மானாவாரி நிலத்தில் மெட்ரோ ரயில்

நெல்லும் நிலக்கடலையும் விளைந்த ஏரிப் பாசனப் பகுதி இது. ஏரி நீர் எட்டாத இடங்களில் மானாவாரி நிலங்களும் புதர்க்காடுகளும் பரந்து கிடந்தன. அத்தகைய நிலங்கள் கையகப்படுத்தப்பட்டு 2008இல் ஸ்ரீ சிட்டி தொடங்கப்பட்டது. துறைமுகங்களைக் கொண்ட சென்னைக்கு அருகாமை, ஆனால் ஆந்திர அரசின் தொழிற்சலுகை: இவ்விரண்டும் ஒருசேரக் கிடைக்கும் இடமாக இருந்ததே அதன் பலம். சுருங்கச் சொன்னால், 1960இல் வரையப்பட்ட கோடுதான் அந்த நகரத்தின் முதலீடு.

சென்னை மெட்ரோவின் முதற்கட்ட ரயில்களில் பெரும்பாலானவை இங்குள்ள ஆல்ஸ்டாம் ஆலையில் உருவானவை. இசுசு வாகன ஆலையும், கேட்பரி சாக்லேட் தயாரிக்கும் மாண்டெலீஸ் ஆலையும் 2016இல் திறக்கப்பட்டன. பாக்ஸ்கான், கோபெல்கோ, டைகின் ஆகியவையும் இங்கு உள்ளன. 2013இல் இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமும், 2018இல் கிரியா பல்கலைக்கழகமும் தொடங்கப்பட்டன.

முன்பு வேலை தேடிக் கும்மிடிப்பூண்டிக்கும் சென்னைக்கும் சென்ற மக்களின் வழித்தடத்தில், இப்போது எதிர்த்திசையிலும் தொழிலாளர் பேருந்துகள் ஓடுகின்றன. கைப்பேசி ஆலையில் பெண்களே பெருவாரியாகப் பணியாற்றினர். நிலத்தைக் கொடுத்த குடும்பங்களுக்கு இந்த வேலைகளில் எத்தனை பங்கு என்பதே ஊர்களின் கேள்வி. ஒரு முறை விற்ற நிலத்தின் பணம் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்பது அரிது. நிலமே இல்லாமல் அதில் கூலி வேலை மட்டும் செய்தவர்களுக்கு அந்தப் பணமும் இல்லை.

2019இல் ஆந்திர சட்டப்பேரவை, தொழிற்சாலைப் பணிகளில் 75 விழுக்காட்டை உள்ளூர் மக்களுக்கு ஒதுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளானது தனிக்கதை. அதன் பார்வையில் ஆந்திரத்தின் கடைக்கோடியான ஸ்ரீகாகுளத்தைச் சேர்ந்தவர் 'உள்ளூர்க்காரர்'. ஆலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஆரம்பாக்கத்தில் வசிப்பவர் வெளியூர்க்காரர்.

வெளியே தெரியாத பெயர்கள்

நிலவியல் படித்தவர்களுக்குச் சத்தியவேடு புதிய பெயர் அன்று. 10 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கிரெட்டேசியக் காலத்துக் கூழாங்கற் பாறைப் படிவங்களுக்கு இவ்வூரின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. சென்னை இளைஞர்கள் 'தடா அருவி' என்று தேடிச் செல்லும் உப்பலமடுகு அருவியும் உண்மையில் தடாவில் இல்லை. வரதையபாளையத்தை ஒட்டிய மலைக்காட்டில் உள்ளது. மேற்கே நாகலாபுரத்தில் கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாவின் நினைவாக எழுப்பிய வேதநாராயண சுவாமி கோயில் இருக்கிறது. மச்ச அவதாரத் திருமாலின் திருமேனி மீது மார்ச் மாதத்தில் மூன்று நாள்கள் மாலைக் கதிரவனின் ஒளி விழுவதைக் காணப் பக்தர்கள் திரள்வர். சிவபெருமான் சயனக் கோலத்தில் காட்சி தரும் சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டையிலிருந்து எல்லையைக் கடந்ததுமே வந்துவிடும்.

கடந்து செல்லும் நீர்

இப்பகுதிக்கும் சென்னைக்கும் உள்ள நெருங்கிய பிணைப்பு தண்ணீர். 1983இல் கையெழுத்தான தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி சென்னையின் குடிநீருக்காக ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் வழங்கப்பட வேண்டும். கண்டலேறு நீர்த்தேக்கத்தில் புறப்படும் கால்வாய் 152 கிலோமீட்டர் ஆந்திரத்தில் ஓடி, வரதையபாளையம், சத்தியவேடு பகுதிகளைக் கடந்து, ஊத்துக்கோட்டை அருகே தமிழகத்தில் நுழைகிறது. அங்கிருந்து பூண்டி ஏரி 25 கிலோமீட்டர். 1996இல் முதன்முறையாக அந்நீர் தமிழக எல்லையை எட்டியது. வறண்ட ஆண்டுகளில், தங்கள் வயலோரமாகச் சென்னைக்கு ஓடும் நீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை கால்வாயோர விவசாயிகளுக்கு. வழியில் நீர் எடுக்கப்படுவதும், பூண்டிக்கு வந்து சேரும் அளவு குறைவதும் இரு மாநில அதிகாரிகளின் பேச்சுவார்த்தைகளில் திரும்பத் திரும்ப எழும் பொருள்.

மழைக்காலத்தில் கதை வேறு. பிச்சாட்டூரில் ஆரணியாற்றின் குறுக்கே உள்ள அணை நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டால், வெள்ளம் சுருட்டப்பள்ளியைத் தாண்டித் தமிழகத்திற்குள் பாயும். ஊத்துக்கோட்டையில் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து துண்டிக்கப்படுவது நெடுங்காலம் வாடிக்கையாக இருந்தது. அணையின் மதகு ஆந்திரத்தில். கரையோர மக்களை மேடான இடங்களுக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்திடம். ஆறு அங்கிருந்து கிழக்கே ஓடிப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. அந்த ஏரியும் இரு மாநிலங்களுக்குப் பொதுவானதே.