பூனைக்கு ஒரு பெட்டி: உமி, தவிடு, கூழ்ப் பொடி



லயத்தில் பூனை வளர்ப்பது ஆசைக்கு மட்டுமல்ல. மா மூட்டையையும் அரிசி டின்னையும் எலி விட்டுவைக்காது. எலிக்காய்ச்சல் பயம் வேறு. ஆனால் கொத்மலைப் பக்கம் மே மாதக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் பூனையும் வெளியே போக மாட்டேன் என்கிறது. அடுப்படிச் சாம்பலிலோ, விறகுக்குப் பின்னாலோ, மரக்கறிப் பாத்தியிலோ காரியத்தை முடித்துவிடுகிறது. அதைக் கூட்டி அள்ளுவது யார்? கொழுந்து எடுத்துவிட்டு வரும் வீட்டுப் பெண்கள்தான். அவர்களில் பிள்ளைத்தாச்சிகளும் உண்டு.

இதில்தான் கவனம் வேண்டும். பூனையின் மலத்தில் டொக்சோபிளாஸ்மா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கக்கூடும். எல்லாப் பூனையிலும் எப்போதும் இருப்பதில்லை. எலியைத் தின்று முதல் தடவை தொற்றிய பூனை இரண்டு கிழமை அளவுக்கு அதை வெளியேற்றும். கர்ப்ப காலத்தில் தாய்க்கு முதல் தடவையாகத் தொற்றினால் கரு கலையலாம். பிள்ளையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். இதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. வெளியே வந்த கிருமி உடனே தொற்றாது, 1 முதல் 5 நாள் வரை முதிர்ந்த பிறகுதான் தொற்றும். அன்றன்றே அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். அள்ளுவது லேசாக இருந்தால்தானே அன்றன்றே அள்ளுவோம்? ஈரம் பட்ட இடம் மட்டும் கட்டியாகி, மற்றது காய்ந்தபடியே இருக்க வேண்டும்.

சாம்பல் பரப்பினால் கால்தடம் வீடெல்லாம் கறுப்பாகும். இது நமக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோவ் என்பவரிடம் அயல் வீட்டு அம்மா ஒருவர் இதே குறையைச் சொன்னபோது, அவர் காய்ந்த களிமண் துகளைக் கொடுத்தார். அதுவே பெரிய வியாபாரமானது. 1980களில் ஈரம் பட்டால் கட்டி பிடிக்கும் பெண்டனைட் களிமண் வந்தது. அதன் பிறகு கோதுமை, சோளம் போன்ற தானியங்களிலும் செய்யத் தொடங்கினார்கள். நாம் எடுத்துக்கொள்வது இந்தத் தானிய வழியை.

நல்ல மாவை இதற்குப் போடச் சொல்ல நமக்கு மனம் வராது. ரொட்டிக்கே மா காணாத வீடுகள் இருக்குதானே. வண்டு விழுந்த மா, பானை அடியில் ஒட்டிய சோறு, இவை போதும். பூஞ்சணம் பிடித்தது மட்டும் வேண்டாம். அந்தத் தூசியைச் சுவாசிப்பது கூடாது.

மாவை அப்படியே உமியில் தூவினால் சரியாக ஒட்டாது. பச்சை மாவின் மாப்பொருள் இறுகிய சின்ன மணிகளாக இருக்கும். பச்சைத் தண்ணீரில் கலக்கி வைத்தால் அடியில் படிந்துவிடும். சூடு பட்டால்தான் மணி ஊதி உடைந்து பசையாகும். போஸ்டர் ஒட்டும் பசையைக் காய்ச்சித்தானே எடுக்கிறோம்! காய்ச்சியதைக் காயவைத்துப் பொடித்தால், பிறகு பச்சைத் தண்ணீர் பட்டாலும் ஊதி ஒட்டிக்கொள்ளும். ஆகவே மாவைக் கெட்டிக் கூழாகக் கிண்டி, வடகத்துக்குப் போல ஒரு தகட்டில் மெல்லியதாகத் தடவிக் காயவையுங்கள். மழை நாளில் அடுப்புக்கு மேலே வைக்கலாம். சோறு என்றால் சூடாறியதும் பரப்பிவிடுங்க. பழஞ்சோறு இறுகிப்போய் ஒட்டுவது குறைவு. காய்ந்ததை உரலில் இடித்துக்கொள்ளுங்கள்.

உமி சும்மா தண்ணீர் குடிக்காது, அதன் மேல்தோல் அப்படி. அதனால் அரைகுறையாக இடித்து, தண்ணீர் குடிக்கும் தவிட்டோடு சேர்க்க வேண்டும். 1985இல் கட்டி முடித்த நீர்த்தேக்கத்தில் பள்ளத்தாக்கின் வயல்கள் பல மூழ்கிப் போனாலும், சுற்றுக் கிராமங்களில் இன்னும் நெல் விளைகிறது. மில்லில் கேட்டால் உமி கிடைக்கும். உமியும் தவிடும் சேர்ந்து மூன்று பங்கு, கூழ்ப் பொடி ஒரு பங்கு என்று தொடங்கிப் பாருங்கள். கட்டி உதிர்ந்தால் பொடியைக் கூட்டுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும். ஒரு கிழமைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, மூடியுள்ள டின்னில் வையுங்கள். இல்லாவிட்டால் எலியை விரட்ட வைத்த பூனைக்கான சாமானை எலியே தின்னும்.

பழைய பேசினில் மூன்று அங்குலம் பரப்பினால் போதும். கட்டியை ஓட்டைக் கரண்டியால் நாளுக்கு ஒரு தடவை அள்ளுங்கள். அந்தக் கரண்டி சமையலுக்கு வேண்டாம். கர்ப்பிணி உள்ள வீட்டில் இது புருஷன்மாரின் வேலை. வேறு ஆள் இல்லாவிட்டால் கையுறை போட்டு அள்ளி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். அள்ளியதை லீக்ஸ் பாத்திக்கோ குப்பை உரத்துக்கோ போடக் கூடாது. ஈர மண்ணில் இந்தக் கிருமி ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். பீலிக்கும் ஊற்றுக்கும் கீழ்ப்பக்கமாக, தள்ளி ஒரு குழி வெட்டிப் புதையுங்கள்.

கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கலவையைக் கோழிக்கூட்டில் போடாதீர்கள். அங்கே கட்டி பிடிப்பதே கெடுதி: ஈர உமியில் அமோனியா வாடை எழும், குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். கூட்டுக்கு வெறும் காய்ந்த உமிதான்; அதையும் அடிக்கடி கிளறிவிட வேண்டும்.