மலை ஓடைக்கரையில் வீட்டு வண்டி முகாம்

படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை ஆகியவற்றைக் கொண்ட வண்டியை அமெரிக்காவில் ஆர்.வி. என்று அழைக்கிறார்கள். தமிழில் 'பொழுதுபோக்கு ஊர்தி' என்ற மொழிபெயர்ப்பு உண்டு. ஆனால் 'வீட்டு வண்டி' என்றால் எளிதில் விளங்கும். இவற்றில் இரண்டு பெரும் வகைகள் உள்ளன. மோட்டார் ஹோம் எனப்படுவது தானே ஓடும். பேருந்து அளவிலும் இருக்கும், சிறு வேன் அளவிலும் இருக்கும். டிரெய்லர் எனப்படுவதைக் கார் அல்லது பிக்கப் டிரக்கின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்குவதற்கென ஒதுக்கப்பட்ட இடமே ஆர்.வி. முகாம்தளம். மலைப்பகுதிகளில் இவை பெரும்பாலும் ஓடைக்கரையிலேயே அமைந்திருக்கும். அதற்கு அழகு மட்டும் காரணமல்ல. செங்குத்தான மலைகளுக்கு நடுவே பெரிய வண்டிகளை நிறுத்தும் அளவுக்குச் சமமான நிலம் ஓடையை ஒட்டித்தான் கிடைக்கிறது. அந்தச் சமநிலத்தை உருவாக்கியது ஓடையின் பழைய வெள்ளங்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

முகாம்தளம் உருவான விதம்

கார்கள் பரவலான 1920களில் அமெரிக்கர்கள் காடுகளுக்குள் வண்டியோடு நுழைந்து விரும்பிய மரத்தடியில் தங்கினார்கள். சக்கரங்களும் காலடிகளும் மண்ணை இறுக்கியதால் மரவேர்கள் பாதிக்கப்பட்டன. கலிபோர்னியாவில் பணியாற்றிய தாவர நோயியல் அறிஞர் இ. பி. மைனெக்கி இதை ஆராய்ந்து, 1932இல் வனத்துறைக்காக ஒரு முகாம் கொள்கையை எழுதினார். ஒருவழியாகச் சுற்றி வரும் வளையச் சாலை, அதிலிருந்து பிரியும் சிறு நிறுத்தம், வண்டி தாண்டிப் போகாதபடி பாறைகளும் கட்டைகளும் கொண்ட தடுப்பு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மேசையும் ஒரு தீமூட்டும் இடமும் என்பது அவர் திட்டம். இன்றும் ஏறத்தாழ எல்லா முகாம்தளங்களும் அந்த வடிவில்தான் இருக்கின்றன. மரங்களைக் காக்க வந்த திட்டம் மனிதர்களின் தங்கும் பழக்கத்தையே வகுத்துவிட்டது.

தனியார் முகாம்களின் வரலாறு வேறு. 1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குச் செல்லும் பயணிகளுக்காக மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில், யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் ஒரு முகாம் திறக்கப்பட்டது. அதுவே பின்னர் கே.ஓ.ஏ. என்ற பெரிய முகாம் நிறுவனமாக வளர்ந்தது. மின்சாரம், வெந்நீர்க் குளியல், கடை என்று வசதிகளைத் தனியார் பெருக்கினார்கள். அரசு முகாம்களில் இவை குறைவு.

கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் உள்ள இப்பூங்கா 1934இல் நிறுவப்பட்டது. பூங்காவுக்குள், லிட்டில் ரிவர் ஆற்றை ஒட்டிய எல்க்மான்ட் முகாம் சுமார் 2,150 அடி உயரத்தில் உள்ளது. ஒரு காலத்தில் மரம் வெட்டும் நிறுவனத்தின் குடியிருப்பாக இருந்த இடம் அது. அங்கே வண்டிக்கு மின் இணைப்பும் கிடையாது, குழாய் இணைப்பும் கிடையாது, குளியலறையும் இல்லை. அதே ஆறு பூங்காவை விட்டு வெளியேறும் டவுன்சென்ட் என்ற ஊரில், கரையோரத் தனியார் முகாம்களில் எல்லா இணைப்புகளும் கிடைக்கும். ஒரே தண்ணீர், இரண்டு விதமான வாழ்க்கை.

வண்டியை நிலத்தோடு இணைத்தல்

முகாமுக்கு வந்ததும் முதல் வேலை வண்டியைச் சமமட்டத்தில் நிறுத்துவது. கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதுபோல இங்கும் பார்க்க வேண்டும். இது தூக்கத்துக்காக மட்டும் அல்ல. எரிவாயுவில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டியில் அம்மோனியாக் கரைசல் புவியீர்ப்பால்தான் சுற்றி ஓடுகிறது. வண்டி அதிகம் சாய்ந்திருந்தால் அந்த ஓட்டம் தடைப்பட்டுப் பெட்டி பழுதாகும். பின்னர் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். டிரெய்லராக இருந்தால் முட்டுக்கட்டை வைத்த பிறகே கொக்கியைக் கழற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் வண்டி சரிவில் உருளும்.

மின் இணைப்பு இரண்டு அளவுகளில் வரும். 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் தரும். 50 ஆம்பியர் இணைப்பில் இரண்டு 120 வோல்ட் கம்பிகள் இருப்பதால் 12,000 வாட் வரை கிடைக்கும். பெயரை மட்டும் பார்த்தால் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம் என்றே தோன்றும், உண்மையில் மூன்று மடங்குக்கும் மேல். 30 ஆம்பியர் இணைப்பில் ஏ.சி., மைக்ரோவேவ், நீர் சூடாக்கி மூன்றையும் ஒன்றாக ஓட்டினால் மின்சாரம் துண்டிக்கப்படும். குழாய் நீரை நேராக வண்டியில் செலுத்துவதும் தவறு. மலைச்சரிவுக் குழாய்களில் அழுத்தம் மிகுதியாக இருக்கலாம். எனவே சதுர அங்குலத்துக்கு 40 முதல் 50 பவுண்டு அளவில் நிறுத்தும் ஓர் அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியை இடையில் பொருத்துவார்கள்.

கழிவுநீருக்கு இரண்டு தொட்டிகள் உண்டு. கைகழுவும், குளிக்கும், பாத்திரம் கழுவும் நீர் சேர்வது சாம்பல்நீர்த் தொட்டி. கழிப்பறையிலிருந்து சேர்வது கருநீர்த் தொட்டி. புதியவர்கள் கருநீர்த் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் திரவம் வடிந்து, திடக்கழிவு உள்ளேயே இறுகிவிடும். தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும்வரை மூடி வைத்து, பிறகு முதலில் கருநீரையும் அடுத்துச் சாம்பல்நீரையும் வெளியேற்ற வேண்டும். பின்னால் வரும் சோப்பு நீர் குழாயைக் கழுவிவிடும். சாம்பல்நீர்தானே என்று அதைத் தரையில் விடுவது ஓடைக்கரையில் பெருங்குற்றம். மக்கும் தன்மையுள்ள சோப்பு என்று புட்டியில் எழுதியிருந்தாலும் அது மண்ணில்தான் மக்கும். ஓடைநீரில் கலந்தால் உயிர்களுக்குத் தீங்குதான். ஓடையிலிருந்து 200 அடி, அதாவது சுமார் 70 எட்டுத் தொலைவில்தான் எதையும் கழுவ வேண்டும் என்பது நடைமுறை விதி.

ஓடை ஏன் திடீரென உயர்கிறது

மலை ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி செங்குத்தானது. பாறைமேல் மண் மெல்லியதாகவே படிந்திருக்கும். பெய்த மழை ஊறி இறங்க இடமில்லாமல் எல்லாச் சரிவுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் பள்ளத்துக்கு வந்து சேர்கிறது. ஸ்மோக்கி மலைகளில் பள்ளத்தாக்குகளில் ஆண்டுக்குச் சுமார் 55 அங்குல மழை பெய்கிறது. உச்சிகளில் அது 85 அங்குலம் வரை போகும். ஆகவே முகாமில் நட்சத்திரங்கள் தெரிந்துகொண்டிருக்கும்போதே மேலே சில மைல் தொலைவில் பெருமழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: காட்டாறு. மலையடிவார ஊர்க்காரர்களுக்கு இதன் இயல்பை விளக்க வேண்டியதில்லை. விடுமுறைக்கு வந்த நகரவாசிக்குத்தான் ஓடை ஒரு நிலையான காட்சிப்பொருளாகத் தெரிகிறது.

ஆர்கன்சா மாநிலத்தின் வாஷிட்டா தேசிய வனத்தில், லிட்டில் மிசௌரி ஆற்றங்கரையில் ஆல்பர்ட் பைக் என்ற முகாம்தளம் இருந்தது. 2010 ஜூன் 11 அன்று அதிகாலை இருளில் அங்கே வெள்ளம் வந்தது. அருகிலிருந்த அளவுகோலில் சுமார் 3 அடியாக இருந்த நீர்மட்டம் சில மணி நேரத்தில் 23 அடியைத் தாண்டியது. இருபது பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. வானிலைத் துறை அதிகாலை 2 மணியளவில் எச்சரிக்கை விடுத்திருந்தது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் கைப்பேசி அலை இல்லை, தூங்குபவர்களை எழுப்ப ஒலிப்பானும் இல்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் தொடுத்த வழக்கை, பொழுதுபோக்குக்காக நிலத்தைத் திறந்துவிடுபவர்களுக்குப் பாதுகாப்புத் தரும் ஆர்கன்சா சட்டத்தின் அடிப்படையில் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. முகாமிடச் செலுத்திய கட்டணம் அந்த நிலத்துக்குள் நுழைவதற்கான கட்டணம் ஆகாது என்பது வாதத்தின் மையம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். பணம் கட்டித் தங்கும் ஒருவர் தமக்கு என்ன பாதுகாப்பு உண்டு என்று நினைக்கிறாரோ, அதற்கும் சட்டம் தருவதற்கும் உள்ள இடைவெளி இதில் தெரிகிறது.

ஸ்பெயினில் தீர்ப்பு வேறுவிதமாக வந்தது. பிரனீஸ் மலைகளில் பியெஸ்காஸ் ஊருக்கு அருகே இருந்த முகாமை 1996 ஆகஸ்ட் 7 அன்று மாலை ஓர் ஓடையின் வெள்ளம் அடித்துச் சென்றதில் 87 பேர் இறந்தனர். மலையிலிருந்து இறங்கும் ஓடை கல்லையும் மண்ணையும் கொட்டி உருவாக்கிய விசிறி வடிவ மேட்டின் மேலேயே அந்த முகாம் அமைந்திருந்தது. அங்கே முகாமுக்கு அனுமதி கொடுத்த அரசு அமைப்புகள் இழப்பீடு தர வேண்டும் என்று 2005இல் நீதிமன்றம் கூறியது. பிற்காலத்திலும் இத்தகைய நிகழ்வுகள் தொடர்ந்தன. 2024 செப்டம்பரில் ஹெலன் புயல் வட கரோலினாவின் மேற்கு மலைகளில் ஆற்றோர ஆர்.வி. முகாம்கள் பலவற்றை அழித்தது. 2025 ஜூலை 4 அதிகாலையில் டெக்சாஸ் மலைநாட்டில் குவாடலூப் ஆற்றுக் கரைகளில் தங்கியிருந்த பலர் உயிரிழந்தனர்.

வீட்டு வண்டியில் தங்குபவருக்கு இதில் தனியான ஓர் ஆபத்து உண்டு. கூடாரத்தில் படுப்பவர் மழையைத் தோலில் உணர்வார். வண்டிக்குள் ஏ.சி. ஓடுகிறது, கதவு மூடியிருக்கிறது, ஓடையின் இரைச்சல் தாலாட்டுபோல எல்லா ஓசைகளையும் மறைத்துவிடுகிறது. வீட்டில் இருக்கும் நினைப்பு வந்துவிடும். அத்துடன் மின்கம்பி, நீர்க்குழாய், கழிவுக்குழாய், முட்டுக்கட்டை என்று வண்டி நாலாபுறமும் கட்டுண்டு கிடக்கிறது. பழகியவர்களுக்கே இவற்றையெல்லாம் எடுத்துக் கிளம்பக் கால் மணி முதல் அரை மணி நேரம் ஆகும். வெள்ளம் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை.

இடம் தேர்தலும் இரவும்

முன்பதிவு செய்யும்போது தண்ணீரை ஒட்டிய இடங்களுக்குத்தான் போட்டியும் அதிகம், பல தனியார் முகாம்களில் கட்டணமும் அதிகம். மழைக்காலத்தில் அவற்றை விட்டுவிட்டு, ஓடையின் ஒலி கேட்கும் தொலைவில் ஒரு படி மேலே உள்ள தளத்தை எடுப்பது நல்லது. போய்ச் சேர்ந்ததும் மரங்களைப் பாருங்கள். கிளைகளில் காய்ந்த புல்லும் சுள்ளியும் சிக்கியிருந்தால், முந்தைய வெள்ளம் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. நிறுத்தத்தைச் சுற்றி உருண்டை கற்களும் ஆற்று மணலும் இருந்தால் அதுவும் அடையாளமே. முகாமை விட்டு வெளியேறும் சாலை தாழ்வான பாலத்தைக் கடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடந்தால், வெள்ள நேரத்தில் முதலில் மூடப்படும் வழி அதுதான். எனவே வண்டி செல்லும் வழியை அல்ல, நடந்து மேலே ஏறும் வழியைப் பகல் வெளிச்சத்திலேயே குடும்பத்தில் எல்லோரும் ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். செருப்பும் டார்ச்சும் கதவருகே இருக்கட்டும்.

கைப்பேசி அலை இல்லாத பள்ளத்தாக்குகளில் வானிலை வானொலிப் பெட்டி உதவும். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஏழு அலைவரிசைகளில் அமெரிக்க வானிலைத் துறை ஒலிபரப்புகிறது. எச்சரிக்கை வந்தால் பெட்டி தானாக அலறி எழுப்பும். ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் இந்த அலையும் எட்டாமல் போகலாம் என்பதால் மாலையிலேயே போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலைகளும் கிளைகளும் மிதந்து வருவது, அடியில் பாறைகள் உருளும் மந்தமான இடியோசை ஆகியவை கடைசி அறிகுறிகள். அப்போது வண்டியை விட்டுவிட்டு ஏற வேண்டியதுதான். ஓடும் நீர் அரை அடி ஆழமிருந்தால் பெரியவரையே வீழ்த்தும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான கார்களை அடித்துச் செல்லும். கொலராடோவில் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் 1976 ஜூலை 31 அன்று 140க்கும் மேற்பட்டோர் இறந்த வெள்ளத்தில், சாலை வழியாகக் காரில் தப்ப முயன்ற பலர் மாண்டனர். சரிவில் ஏறியவர்கள் பிழைத்தனர். அந்த மாநிலத்தின் பள்ளத்தாக்குச் சாலைகளில் இப்போது 'வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள்' என்ற பொருளில் பலகைகள் நிற்கின்றன.

ஓடையின் மற்ற குடிகள்

ஸ்மோக்கி மலைகளில் 30 வகை சாலமாண்டர்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஹெல்பெண்டர் என்பது இரண்டடி வரை வளரும். ஓடையின் பெரிய தட்டைக் கற்களுக்கு அடியில் குடியிருந்து அங்கேயே முட்டையிடும். குழந்தைகள் கற்களை அடுக்கிச் சிறு அணை கட்டி விளையாடுவது எங்கும் நடப்பதே. ஆனால் ஒரு கல்லைப் புரட்டினால் ஒரு கூடு அழியக்கூடும் என்பதால் பூங்காவில் இதற்குத் தடை உள்ளது. தெளிந்த நீர் என்று நம்பி அள்ளிக் குடிக்கவும் கூடாது. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி வயிற்றைக் கெடுத்துவிடும். ஒரு நிமிடம் கொதிக்கவைத்தால் போதும், 6,500 அடிக்கு மேலே மூன்று நிமிடம்.

விறகை வீட்டிலிருந்து எடுத்துவருவதற்கும் கட்டுப்பாடு உண்டு. 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகத நிறத் துளைப்பான் வண்டு, விறகோடு பயணம் செய்து பல மாநிலங்களின் ஆஷ் மரங்களைக் கொன்றது. அதனால் இப்பூங்காவுக்குள் வெப்பமூட்டிப் பதப்படுத்திய விறகு மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. கருங்கரடிகள் இருப்பதால் உணவு, குப்பை, சமைத்த பாத்திரம் எதையும் இரவில் வெளியே மேசையில் விடக்கூடாது. வண்டிக்குள் பூட்டி வைக்க வேண்டும். கரடியைக் கண்டால் 150 அடியாவது விலகி நிற்க வேண்டும்.

எல்க்மான்ட்டில் மே மாத இறுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை ஒருவகை மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணையும். அதைக் காண வருபவர்களுக்குக் குலுக்கல் முறையில்தான் அனுமதி தரப்படுகிறது. அக்டோபரில் இலைகள் நிறம் மாறும் வாரங்களிலும் இடம் கிடைப்பது கடினம். ஆறு மாதங்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடுகிறது.