ஆணி செய்வோரும் சிலுவைக் காட்சியும்

இடைக்கால இங்கிலாந்தின் யார்க் நகரில், கிறிஸ்துவின் திருவுடல் திருநாளன்று, கைத்தொழிற் குழுவினர் சக்கர வண்டிகளின்மீது வேதாகம வரலாற்றை நடித்துக் காட்டிவந்தனர். கப்பல் கட்டுவோர் நோவாவின் பேழையையும், அப்பம் சுடுவோர் இராப்போஜனத்தையும், ஆணி செய்வோர் சிலுவையில் அறைதலையும் ஏற்றனர். 1569ஆம் ஆண்டிற்குப்பின் நின்றுபோன இந்நாடகங்கள், 1951இல் பெரும்பாலும் நகர மக்களைக் கொண்டு ஒரு பழைய மடத்தின் இடிபாடுகளிடையே மீண்டும் அரங்கேறின.

சிலுவைக் காட்சியில் சேவகர் நால்வரும், துளை தவறிவிட்டது, பாரம் மிகுதி என்று முறையிட்டவாறே வேலையை முடிக்க முயலுகின்றனர். கிறிஸ்துவோ இருமுறை மட்டுமே பேசுகிறார். இன்று இதனை மேடையேற்றுவோர் சேவகரை அரக்கராக்கினால், நாடகத்தின் பொருள் கெட்டுவிடும் என்பதே நம் கருத்து. அங்கே நம் அயலாரின் முகமே தோன்றவேண்டும். அப்பொழுதுதான், கடமையென்று நாம் செய்யும் வேலையிலும் கர்த்தரைச் சிலுவையில் அறையக்கூடும் என்பதை உணருவோம்.